இதய உறையில் சீழ்: ஊசி போட்டு எடுத்த பிறகும் ஆபரேஷன் எதற்கு?

விடிவெள்ளி (கேள்வி)

வணக்கம். அண்ணனுக்காகக் கேட்கிறேன். வயது 46. சுகர் பல வருடமாக இருக்கிறது, கட்டுப்பாட்டிலும் இல்லை. எப்படியும் கேட்பீர்கள் என்பதால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

நிமோனியா என்று அட்மிட் செய்தோம். ஆன்டிபயாடிக் ஏற ஏறக் காய்ச்சல் இறங்கியது, இருமலும் குறைந்தது, டிஸ்சார்ஜ் பற்றிக்கூடப் பேச ஆரம்பித்துவிட்டார்கள். அப்போதுதான் மறுபடியும் உடம்பு தூக்கிப்போடுகிற மாதிரி குளிர்நடுக்கம், காய்ச்சல். மூச்சு வாங்கியது, மல்லாந்து படுக்கவே முடியவில்லை, கட்டிலில் உட்கார்ந்து முன்னால் குனிந்தபடியே இருந்தார். வந்த டாக்டர்கள் எல்லோரும் நெஞ்சு வலிக்கிறதா என்று கேட்டார்கள், அவர் இல்லை இல்லை என்றே சொன்னார். நாடித்துடிப்பு மட்டும் 130-ஐ விட்டு இறங்கவில்லை. கடைசியில் இரவு ரவுண்ட்ஸ் வந்த ஒரு டாக்டர், கழுத்து நரம்பு புடைத்துக்கொண்டு நிற்பதைப் பார்த்துவிட்டு உடனே எக்கோ (இதய ஸ்கேன்) எடுக்கச் சொன்னார். இதயத்தைச் சுற்றியிருக்கும் உறைக்குள் நீர் கோத்து இதயத்தை அழுத்துகிறது என்றார்கள். அந்த இரவே நெஞ்செலும்புக்குக் கீழே ஊசி போட்டு எடுத்தார்கள். தண்ணீர் மாதிரி ஏதாவது வரும் என்று நினைத்தேன். சிரிஞ்சில் இருந்ததோ பச்சை கலந்த மஞ்சள் நிறத்தில் கெட்டியான சீழ், அடியில் திப்பி திப்பியாக வேறு. எடுத்துக்கொண்டிருக்கும்போதே மானிட்டரில் பிரஷர் ஏறுவது தெரிந்தது. அண்ணன் அதன் பிறகுதான் தலையணையில் சாய்ந்தார்.

பாக்டீரியாவால் வந்த பெரிகார்டைடிஸ் (இதய உறை அழற்சி), ரொம்ப அபூர்வம் என்று சொல்லிவிட்டு டியூப் வைத்திருக்கிறார்கள். டியூபில் வருவது இப்போது குறைந்துவிட்டது. ஆனால் எக்கோவில் சீழ் இன்னும் இருக்கிறதாம், அறை அறையாகத் தடுப்பு கட்டியிருக்கிறதாம். அதனால் சர்ஜன் சின்னதாகத் திறந்து கழுவிவிடலாம் என்கிறார். வீட்டில் ஒரே சண்டை. சித்தப்பா மகனுக்கும் இதே பெரிகார்டைடிஸ்தான் வந்தது, வலி மாத்திரையிலேயே சரியாகிவிட்டது, இவருக்கு மட்டும் ஏன் நெஞ்சைத் திறக்க வேண்டும், ஆன்டிபயாடிக்கையே இன்னும் கொஞ்ச நாள் போட்டுப் பார்க்கலாமே என்கிறார்கள். கையெழுத்துப் போட வேண்டியது அண்ணி, அவர் என்னைக் கேட்கிறார். ஊசியில் எடுத்த பிறகும் ஆபரேஷன் உண்மையிலேயே தேவையா? இந்த வியாதியைப் பக்கத்தில் பார்த்தவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள்.


ஆற்றுமணல்

உங்கள் சித்தப்பா மகன் கதைதான் என் கதையும். எனக்கு வந்தது வைரஸ் வகை. முதலில் சளிக்காய்ச்சல், அப்புறம் ஊசி குத்துகிற மாதிரி நெஞ்சு வலி, மூச்சை இழுத்தால் கூடும், முன்னால் சாய்ந்தால் குறையும். இபுப்ரூஃபனும் கோல்சிசினும் கொடுத்தார்கள், மூன்று மாதம் கோல்சிசின் சாப்பிட்டேன், ஓடுவது விளையாடுவது கூடாது என்றார்கள், சரியாகிவிட்டது. என் உறைக்குள்ளும் கொஞ்சம் நீர் இருந்தது, ஊசியெல்லாம் போடவில்லை, அதுவே வற்றிவிட்டது.

ஆனால் தயவுசெய்து என்னையும் உங்கள் அண்ணனையும் ஒரே தட்டில் வைக்காதீர்கள். பெயர்தான் ஒன்று. எனக்கு இருந்தது வெறும் அழற்சி, உங்கள் அண்ணனுக்கு இருப்பது சீழ். விவரமாகச் சொல்லத் தெரிந்தவர்கள் வருவார்கள், நான் இதோடு நிறுத்திக்கொள்கிறேன்.


சும்மா ஒருவன்

எனக்கென்னவோ அவசரப்படுகிறார்கள் என்றுதான் தோன்றுகிறது. என் மாமாவுக்கு நுரையீரலிலேயே சீழ்க்கட்டி இருந்தது, ஒரு கத்தியும் படாமல் ஆன்டிபயாடிக்கிலேயே கரைந்தது. நல்ல மருந்தாக மாற்றிக் கொடுக்கச் சொல்லுங்கள். அப்புறம், இதய இன்ஃபெக்‌ஷன் பல்லில் இருந்துதான் வரும் என்று படித்திருக்கிறேன், பல் டாக்டரிடம் காட்டினீர்களா?


இரவுப்பணி

இதய ஐசியூவில் நர்ஸாக நிறைய வருடம் வேலை பார்த்தவள். இந்த வியாதியை என் சர்வீஸிலேயே விரல் விட்டு எண்ணிவிடலாம், அவ்வளவு அபூர்வம். ஆனால் பார்த்தது எதுவும் மறக்கவில்லை.

முதலில் சும்மா ஒருவன் தம்பிக்கு. நுரையீரல் சீழ்க்கட்டியை இதோடு ஒப்பிடாதீர்கள். நுரையீரலில் இருக்கும் கட்டி உடைந்தால் மூச்சுக்குழாய் வழியாக இருமலோடு வெளியே வந்துவிடும், அதற்கென்று ஒரு வடிகால் உண்டு. இதய உறை நாலாபக்கமும் மூடிய பை. உள்ளே போன சீழுக்கு வெளியே வர வழியே கிடையாது. நீங்கள் சொல்லும் பல் விவகாரம் எண்டோகார்டைடிஸ், அது இதயத்துக்கு உள்ளே வால்வில் வருவது. இது இதயத்துக்கு வெளியே உறையில் வருவது. வால்வில் வந்த சீழ் அரித்துக்கொண்டே உறைக்குள் போவதும் உண்டுதான், அதனால் எக்கோவில் வால்வையும் பார்த்திருப்பார்கள். ஆனால் விடிவெள்ளி சொல்லும் கதையில் ஆரம்பம் நிமோனியா, பல்லைத் தேட வேண்டியதில்லை.

விடிவெள்ளி, இப்போது உங்களுக்கு. உறை என்பது இரண்டு படலம். உள்படலம் இதயத்தோடு ஒட்டியிருக்கும், வெளிப்படலம் கொஞ்சம் தள்ளி. நடுவில் எல்லோருக்கும் 15-இலிருந்து 50 மில்லி வரை தெளிந்த திரவம் இருக்கும், இதயம் உராயாமல் துடிப்பதற்காக. வெளிப்படலம் தடித்த நாரால் ஆனது, சட்டென்று விரிந்து கொடுக்காது. மாதக்கணக்கில் மெதுவாக நீர் சேர்ந்தால் அது கொஞ்சம் கொஞ்சமாக இளகி ஒரு லிட்டருக்கு மேல்கூடத் தாங்கிக்கொள்ளும். ஓரிரு நாளில் சேர்ந்தால் 200 மில்லியே இதயத்தை நெருக்கப் போதும். சீழ் வேகமாகச் சேரும், அதுதான் ஆபத்து. முதலில் நசுங்குவது இதயத்தின் வலது பக்க அறைகள், அங்கே அழுத்தம் குறைவு என்பதால். உடம்பிலிருந்து வரும் இரத்தம் உள்ளே நுழைய முடியாமல் கழுத்து நரம்பில் தேங்கி நிற்கும். அந்த டாக்டர் பார்த்தது அதைத்தான். ஒரு எக்ஸ்ரே, ஒரு ஈசிஜி பார்த்துவிட்டு நிமோனியா இன்னும் அடங்கவில்லை என்று போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. அவருக்கு ஒரு நன்றி சொல்லிவிடுங்கள்.

நெஞ்சு வலி இல்லாததுதான் இந்த வகையில் எல்லோரையும் ஏமாற்றுவது. வைரஸ் வகையில் வலிதான் முதலில் வந்து நிற்கும், ஆற்றுமணல் சொன்ன மாதிரி. சீழ் வகையில் பலருக்கு வலியே இருக்காது. கடும் காய்ச்சல், நடுக்கம், படபடவென்று நாடி, மூச்சுத் திணறல், அவ்வளவுதான். எல்லாவற்றுக்கும் நிமோனியா மேல் பழியைப் போட்டுவிடலாம். அதனாலேயே பலருக்கு இதயம் நெருக்கப்பட்டு பிரஷர் இறங்கிய பிறகுதான் தெரியவருகிறது. எங்கள் யூனிட்டில் சீனியர் சிஸ்டர் ஒருவர் சொல்லிக்கொடுத்தது: கையால் பிரஷர் பார்க்கும்போது மணிக்கட்டில் இல்லை, நோயாளியின் மூச்சில் கண்ணை வை. மூச்சை இழுக்கும்போது மேல் பிரஷர் 10 புள்ளிக்கு மேல் இறங்கினால் உடனே டாக்டரைக் கூப்பிடு. மூச்சை இழுக்கும்போது நாடி தளர்வதை 1873-லேயே குஸ்மௌல் என்ற ஜெர்மன் டாக்டர் எழுதிவைத்துவிட்டார். இன்றைக்கு மானிட்டர் இருக்கிறது என்று யாரும் கையால் பார்ப்பதில்லை, அது வேறு வருத்தம்.

உங்கள் கேள்விக்கு என் பதில்: சீழ் உள்ளே இருக்கிறது என்றால் அதை வெளியே எடுத்தே ஆக வேண்டும். ஊசியில் எடுத்தது உயிரைக் காப்பாற்றியது, வியாதியைக் காப்பாற்றவில்லை... அதாவது வியாதியைத் தீர்க்கவில்லை. டியூபில் வருவது குறைந்ததற்கு இரண்டு காரணம் இருக்கலாம். ஒன்று, உள்ளே தீர்ந்துவிட்டது. இன்னொன்று, டியூப் அடைத்துக்கொண்டது, அல்லது டியூப் நிற்கும் அறை மட்டும் காலியாகி மற்ற அறைகள் நிறைந்தே இருக்கின்றன. எக்கோ இரண்டாவது என்று சொல்கிறது. இதற்கு மேல் டாக்டர்கள் யாராவது சொன்னால் நல்லது.


சும்மா ஒருவன்

சரி அக்கா, பல் விஷயத்தை வாபஸ் வாங்குகிறேன். ஆனால் மருந்து உறைக்குள் போகாதா என்ன? இரத்தத்தில் ஏறும் மருந்து எல்லா இடத்துக்கும்தானே போகும்?


கடைசிபெஞ்ச்

நான் பொது மருத்துவன், இதய நிபுணர் இல்லை. படிக்கும் காலத்தில் நெஞ்சு அறுவை யூனிட்டில் இருந்தபோது இப்படி ஒருவரைப் பார்த்திருக்கிறேன்.

நல்ல கேள்வி. மருந்து உறைக்குள் போகிறது, சந்தேகமில்லை. பல ஆன்டிபயாடிக்குகள் உறைத் திரவத்தில் போதுமான அளவுக்குச் சேர்கின்றன, அதனால்தான் உறைக்குள் நேரடியாக ஆன்டிபயாடிக்கை ஊற்றுவது வழக்கமாக அவசியப்படுவதில்லை. சிக்கல் சீழுக்குள் போன பிறகு நடப்பதில். சீழ் என்பது செத்த வெள்ளணு, செத்த திசு, பாக்டீரியா எல்லாம் கலந்த குழம்பு. அதற்குள் ஆக்ஸிஜன் குறைவு, அமிலத்தன்மை அதிகம். ஜென்டாமைசின் குடும்பத்து மருந்துகள் அந்தச் சூழலில் பாதி செயலிழந்துவிடும். பென்சிலின் வகை மருந்துகள் வேகமாகப் பெருகும் பாக்டீரியாவைத்தான் நன்றாகக் கொல்லும், சீழுக்குள் இருக்கும் பாக்டீரியாவோ சோம்பிக் கிடக்கும். இதற்கு மேல் ஃபைப்ரின், இரத்தம் உறையும்போது உண்டாகும் அதே நார்ப் புரதம். அழற்சி வந்த உறையில் ஃபைப்ரின் படிந்து இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவருக்குச் சிலந்தி வலை பின்னின மாதிரி தடுப்புக் கட்டிவிடும். அந்தத் தடுப்புகளுக்குள் இரத்த ஓட்டம் கிடையாது. எக்கோவில் அறை அறையாகத் தெரிவது இதுதான். மருந்தை மாற்றிக்கொண்டே போனாலும் இந்த அறைகள் காலியாகாது.

சர்ஜன் சொல்லும் சின்ன ஆபரேஷன் அநேகமாக இப்படி இருக்கும்: நெஞ்செலும்பின் கீழ் நுனிக்கு அடியில் சில சென்டிமீட்டர் வெட்டு, உறையைக் கண்ணால் பார்த்துத் திறப்பார்கள், விரலை உள்ளே விட்டு அந்தத் தடுப்புகளை உடைப்பார்கள், சலைன் விட்டுக் கழுவுவார்கள், உறையில் ஒரு துண்டு வெட்டிப் பரிசோதனைக்கு அனுப்புவார்கள், ஊசி வழியாக வைத்ததைவிடப் பெரிய டியூபாக வைத்து மூடுவார்கள். நெஞ்சைப் பிளப்பது, இதயத்தை நிறுத்துவது எதுவும் இதில் இல்லை. வீட்டில் சண்டை போடுகிறவர்கள் பைபாஸ் மாதிரி ஏதோ என்று கற்பனை செய்துகொண்டிருக்கலாம், அதைத் தெளிவாகச் சொல்லிவிட்டாலே பாதி சண்டை தீரும். சீழ் கெட்டியாக இருக்கும்போதும் அறை அறையாக இருக்கும்போதும் ஊசி, மெல்லிய டியூபைவிட இந்த வழிதான் நல்லது என்பது பரவலாக ஏற்றுக்கொள்ளப்பட்ட விஷயம். இன்னொரு வழி, டியூப் வழியாகவே ஃபைப்ரினைக் கரைக்கும் மருந்தை உள்ளே விடுவது. ஸ்ட்ரெப்டோகைனேஸ், யூரோகைனேஸ், ஆல்டிபிளேஸ் போன்றவை, மாரடைப்பில் இரத்தக்கட்டியைக் கரைக்கக் கொடுக்கும் அதே மருந்துகள். சிலருக்கு நன்றாக வேலை செய்திருக்கிறது, இரத்தக் கசிவு அபாயமும் உண்டு. அது உங்கள் அண்ணனுக்குப் பொருந்துமா என்று சர்ஜனிடம் நேராகக் கேட்கலாம், அவர் கோபித்துக்கொள்ள மாட்டார்.

முதலிலேயே ஏன் ஆபரேஷன் செய்யவில்லை, எதற்கு ஊசி என்று யாராவது கேட்டால்: இதயம் நெருக்கப்பட்டிருக்கும்போது மயக்க மருந்து கொடுப்பதும் வெண்டிலேட்டரில் போடுவதும் பெரிய ஆபத்து. இதயத்துக்குத் திரும்பும் இரத்தம் இன்னும் குறைந்து பிரஷர் அப்படியே விழுந்துவிடும். அதனால் முதலில் ஊசியில் கொஞ்சம் எடுத்து மூச்சு விட இடம் கொடுத்துவிட்டுத்தான் மற்றது.

சும்மா ஒருவனுக்கு இன்னொன்று: பென்சிலின் வருவதற்கு முன்னால் இந்த வியாதி இவ்வளவு அபூர்வம் இல்லை. நிமோனியா வந்த இளவயதுக்காரர்களுக்கே வந்தது, பெரும்பாலும் நியூமோகாக்கஸ் கிருமியால். ஆன்டிபயாடிக் அதை அபூர்வமாக்கியது. இன்று வருவது பெரும்பாலும் வயதானவர்கள், சுகர் கட்டுப்பாட்டில் இல்லாதவர்கள், டயாலிசிஸில் இருப்பவர்கள், எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் மருந்து சாப்பிடுபவர்கள், நெஞ்சில் ஆபரேஷன் ஆனவர்கள் இவர்களுக்கு. ஸ்டஃபிலோகாக்கஸ் ஆரியஸ் என்ற கிருமி முன்வரிசைக்கு வந்துவிட்டது. ஆக ஆன்டிபயாடிக்கைக் குறைத்துச் சொல்லவில்லை, அது வியாதி வராமல் தடுப்பதில் கெட்டிக்காரன். வந்து சீழ் கட்டிய பிறகு தனியாக ஒன்றும் செய்ய முடியாது.


விடிவெள்ளி

எல்லோருக்கும் நன்றி. இரவுப்பணி அக்கா, கடைசிபெஞ்ச் சார் எழுதியதை அப்படியே அண்ணிக்குப் படித்துக் காட்டினேன். பைபாஸ் விஷயம் சரிதான், சித்தப்பா அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தார்.

இன்னும் இரண்டு சந்தேகம். சீழ் கல்ச்சரில் (கிருமியை வளர்த்துப் பார்க்கும் பரிசோதனை) எதுவும் வளரவில்லை என்று ரிப்போர்ட் வந்திருக்கிறது. அப்படியானால் பாக்டீரியாவே இல்லையா? டிபியாக இருக்குமோ என்று அதற்கும் அனுப்பியிருக்கிறார்கள். இரண்டாவது, பக்கத்து பெட்காரரின் உறவினர் ஒருவர் ஸ்டீராய்டு கொடுத்தால் வீக்கம் சட்டென்று வற்றும், ஏன் கொடுக்கவில்லை என்று கேளுங்கள் என்கிறார். கேட்கலாமா?


கடைசிபெஞ்ச்

கல்ச்சரில் வளரவில்லை என்றால் பாக்டீரியா இல்லை என்று அர்த்தம் இல்லை. சீழ் எடுப்பதற்கு முன்பே நிமோனியாவுக்கு ஆன்டிபயாடிக் ஏறிவிட்டது இல்லையா, கிருமி தட்டில் வளரும் அளவுக்கு உயிரோடு இருந்திருக்காது. ஆக்ஸிஜன் பட்டால் சாகும் கிருமிகளும் உண்டு, அதற்கென்று தனி பாட்டிலில் எடுத்து அனுப்பினால்தான் வளரும். கண்ணால் பார்த்தாலே சீழ், அதில் வெள்ளணுக்கள் குவிந்திருக்கின்றன, குளுக்கோஸ் குறைவு, புரதம் அதிகம் என்றால் கல்ச்சர் வளராவிட்டாலும் பாக்டீரியா என்றே வைத்து சிகிச்சை தொடர்வார்கள். பல கிருமிகளையும் ஒருசேர அடிக்கும் மருந்துகளைச் சேர்த்துக் கொடுத்துக்கொண்டிருப்பார்கள், கிருமி தெரிந்தால் குறுக்குவார்கள். நிமோனியாவின்போது எடுத்த இரத்தக் கல்ச்சர், சளிக் கல்ச்சர் ரிப்போர்ட் வந்துவிட்டதா என்று கேளுங்கள், சில சமயம் விடை அங்கே இருக்கும். கிருமியின் மரபணுவைத் தேடும் பிசிஆர் பரிசோதனையும் இருக்கிறது, செத்த கிருமியைக்கூடக் காட்டிக்கொடுக்கும்.

டிபியைத் தேடியே ஆக வேண்டும், அனுப்பியது சரி. டிபி அதிகமுள்ள நாடுகளில் உறையில் நீர் கோப்பதற்கு முதல் காரணமே டிபிதான். ஆனால் அது பொதுவாக வாரக்கணக்கில் மெல்ல மெல்ல வரும், எடை குறையும், மாலைக் காய்ச்சல், திரவத்தில் லிம்ஃபோசைட் என்ற வகை வெள்ளணு அதிகம். உங்கள் அண்ணன் கதை அந்த வேகத்தில் இல்லை. டிபி கிருமியின் மரபணுவைத் தேடும் ஜீன்எக்ஸ்பெர்ட்டும், டிபியில் கூடும் ஒரு நொதியை அளக்கும் ஏடிஏவும் அனுப்பியிருப்பார்கள். ஏடிஏ 40-க்கு மேல் வந்துவிட்டது என்ற ஒரே காரணத்துக்காக டிபி என்று முடிவு கட்டிவிட முடியாது, சாதாரண பாக்டீரியா சீழிலும் அது ஏறும். ஆபரேஷனில் உறையின் துண்டு எடுப்பார்கள் என்றேனே, இந்தக் குழப்பத்தைத் தீர்க்க அதுவும் உதவும். ஆபரேஷனுக்கு இன்னொரு காரணம் என்று அண்ணியிடம் சொல்லுங்கள்.

ஸ்டீராய்டு: பாக்டீரியா சீழ் உள்ளே இருக்கும்போது அது எதிர்ப்புச் சக்தியின் கையைக் கட்டிப்போடும் வேலை. சுகரும் எகிறும். கேட்கவே வேண்டாம் என்று சொல்ல மாட்டேன், கேட்டால் அவர்களே ஏன் கூடாது என்று சொல்வார்கள். டிபி பெரிகார்டைடிஸில் ஸ்டீராய்டு கொடுப்பதையே ஆப்பிரிக்காவில் 1400 பேரை வைத்து நடத்தி 2014-ல் வெளியான ஐஎம்பிஐ ஆய்வில் சோதித்துப் பார்த்தார்கள். மரணம், இதயம் நெருக்கப்படுவது, பின்னால் உறை தடித்து இறுகுவது மூன்றையும் சேர்த்துப் பார்த்தால் பெரிய வித்தியாசம் இல்லை, உறை இறுகுவது மட்டும் குறைந்தது. எச்ஐவி உள்ளவர்களுக்குப் புற்றுநோய் கூடியது. டிபியிலேயே இந்தக் கதி. பக்கத்து பெட் யோசனைகளைப் பக்கத்து பெட்டோடு விட்டுவிடுங்கள்.


இரவுப்பணி

கடைசிபெஞ்ச் சார் சொன்னதோடு ஒன்று. பக்கத்து பெட்காரர்கள் அடுத்து "கால் வீங்கியிருக்கிறதே, நீர் போக லேசிக்ஸ் போடச் சொல்லுங்கள்" என்று வருவார்கள். உறை நெருக்கிக்கொண்டிருக்கும் நேரத்தில் நீரை இறக்கினால் இதயத்துக்கு வரும் கொஞ்ச நஞ்ச இரத்தமும் குறைந்துவிடும். எப்போது போட வேண்டும், எப்போது கூடாது என்பது எக்கோ பார்க்கிறவர்களுக்குத்தான் தெரியும். அப்புறம் டியூபைப் பற்றி, வெளியே வரும் அளவு ஒரு நாளைக்கு 25 மில்லிக்குக் கீழே வந்து, எக்கோவிலும் காலி என்று தெரிந்தால்தான் எடுப்பார்கள். அண்ணன் எவ்வளவு நச்சரித்தாலும் சீக்கிரம் எடுக்கச் சொல்லிக் கேட்காதீர்கள். திரும்பும்போது டியூப் மடங்கிக் கிடக்கிறதா என்று நீங்களும் ஒரு பார்வை பாருங்கள், ராத்திரி மூன்று மணிக்கு எங்களுக்கும் கண் அசரும்.


மெதுநடை

இந்தத் திரியை இப்போதுதான் பார்த்தேன். எனக்கு இதே வியாதி வந்திருக்கிறது, விடிவெள்ளி. சீழ், டியூப், திறந்து கழுவியது எல்லாம் ஆனது. இன்று நன்றாக இருக்கிறேன், முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நெட்டில் தேடினால் இதன் மரண விகிதம் முதலில் வந்து முகத்தில் அடிக்கும். சிகிச்சை இல்லாவிட்டால் பிழைப்பது அநேகமாக இல்லை, சிகிச்சை கொடுத்தாலும் 40 சதவீதம் வரை இறப்பு என்று எழுதியிருப்பார்கள். அந்தக் கணக்கில் தாமதமாகக் கண்டுபிடித்தவர்கள், வேறு பெரிய வியாதி இருந்தவர்கள் எல்லோரும் சேர்ந்துதான் இருக்கிறார்கள். உங்கள் அண்ணனுக்குக் கண்டுபிடித்தாகிவிட்டது, எடுக்கவும் தொடங்கிவிட்டார்கள். அண்ணியை அந்தப் பக்கங்களைப் படிக்க விடாதீர்கள்.

ஆபரேஷன் முடிந்த பிறகு வலி இருந்தது, பொய் சொல்ல மாட்டேன். டியூப் இருக்கும்வரை பக்கவாட்டில் திரும்பினாலே சுருக்கென்று இருக்கும். அதைவிட அலுப்பு ஆன்டிபயாடிக். வாய்வழி மாத்திரை கிடையாது, எல்லாம் நரம்பு வழி. பலருக்கு 4 முதல் 6 வாரம் வரை போகும் என்றார்கள். கை நரம்பெல்லாம் தீர்ந்துபோய் மேல்கையில் நீளமான லைன் ஒன்று வைத்தார்கள், அதன் பிறகுதான் தினமும் குத்தும் தொல்லை நின்றது. இதைப் பற்றி முன்கூட்டியே கேளுங்கள். காய்ச்சல் விட்டதும், ஆள் எழுந்து நடந்ததும், வீட்டில் எல்லோரும் போதும் மருந்து என்பார்கள். டாக்டர் சொல்லும்வரை நிறுத்தக் கூடாது. சிஆர்பி என்ற இரத்தப் பரிசோதனையையும் எக்கோவையும் வைத்துத்தான் அவர்கள் முடிவு செய்கிறார்கள், ஆளின் முகக்களையை வைத்து இல்லை.

இங்கே யாரும் விளக்கிச் சொல்லாத ஒன்று இருக்கிறது, அதற்காகத்தான் எழுத உட்கார்ந்தேன். எல்லாம் முடிந்து வேலைக்கும் போய்க்கொண்டிருந்த காலத்தில் எனக்கு வயிறு உப்பத் தொடங்கியது, மாலையானால் கணுக்கால் வீங்கும், மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கும். வயிற்றில் நீர் என்றதும் கல்லீரல் என்று நினைத்து அந்தப் பக்கமாகவே டெஸ்ட் எடுத்துக்கொண்டிருந்தார்கள். பழைய ஃபைலைப் பார்த்த ஒரு டாக்டர்தான் மறுபடி எக்கோவும் சிடியும் எடுக்கச் சொன்னார். உறை தடித்து இறுகிப்போய், இதயம் விரியவே இடம் கொடுக்காமல் பிடித்துக்கொண்டிருந்தது. கன்ஸ்ட்ரிக்டிவ் பெரிகார்டைடிஸ் என்பார்கள். வைரஸ் வகையில் இது நூற்றில் ஒருவருக்குக்கூட வருவதில்லை, சீழ் வகையில் நூற்றில் இருபது முப்பது பேருக்கு வருகிறது என்று அவர் சொன்னார். எனக்கு உறையை உரித்தெடுக்கும் ஆபரேஷன் நடந்தது. அது சின்ன ஆபரேஷன் இல்லை, நெஞ்செலும்பைத் திறந்துதான் செய்தார்கள். உறை இல்லாமலே இதயம் துடித்துக்கொண்டிருக்கிறது, ஒன்றும் ஆகவில்லை.

பயமுறுத்தச் சொல்லவில்லை. சீழை முதலிலேயே முழுசாக எடுத்துவிட்டால், ஃபைப்ரினைக் கழுவிவிட்டால், இப்படி இறுகும் வாய்ப்பு குறையும் என்பதுதான் சர்ஜன் எனக்குச் சொன்ன விளக்கம். ஆபரேஷன் வேண்டுமா என்று இப்போது யோசிக்கும் உங்கள் வீட்டாருக்கு இதைச் சொல்லுங்கள்.


விடிவெள்ளி

மெதுநடை அண்ணா, நீங்கள் நன்றாக இருக்கிறேன் என்று எழுதிய வரியைத்தான் அண்ணி திரும்பத் திரும்பப் படித்தார். கையெழுத்துப் போட்டாகிவிட்டது, காலையில் முதல் கேஸ். டிபிக்கான ஜீன்எக்ஸ்பெர்ட்டில் எதுவும் இல்லை. நிமோனியாவின்போது எடுத்த இரத்தக் கல்ச்சரில் நியூமோகாக்கஸ் வளர்ந்திருக்கிறது, கடைசிபெஞ்ச் சார் சொன்ன பிறகுதான் அந்த ரிப்போர்ட்டைத் தேடிக் கேட்டோம், ஃபைலுக்குள்ளேயே இருந்தது.

டிஸ்சார்ஜ் ஆன பிறகு எதையெல்லாம் கவனிக்க வேண்டும்?


கடைசிபெஞ்ச்

நியூமோகாக்கஸ் என்றால் நல்ல செய்திதான், மருந்தைக் குறிபார்த்துக் கொடுக்கலாம்.

வீட்டுக்குப் போன பிறகு: எக்கோ தேதிகளைத் தவறவிடாதீர்கள், முதல் வருடம் முழுக்க. இறுகுவது சில வாரங்களிலும் தொடங்கலாம், மாதங்கள் கழித்தும் தொடங்கலாம். தினமும் காலையில் ஒரே நேரத்தில் எடை பார்த்து எழுதிவையுங்கள், ஒரு வாரத்தில் திடீரென்று இரண்டு மூன்று கிலோ ஏறினால் அது சதை இல்லை, நீர். வயிறு உப்புவது, கால் வீக்கம், உட்கார்ந்திருக்கும்போதே கழுத்து நரம்பு தெரிவது, இதில் எது வந்தாலும் எந்த டாக்டரிடம் போனாலும் முதல் வார்த்தையாக "இதய உறையில் சீழ் வந்து திறந்து கழுவியது" என்று சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் மெதுநடைக்கு நடந்த மாதிரி கல்லீரல் பக்கம் போய்விடுவார்கள். டிஸ்சார்ஜ் சம்மரியின் நகலை போனில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். மறுபடி காய்ச்சல் வந்தால் வீட்டில் மாத்திரை போட்டுப் பார்க்காமல் நேரே போய்விடுங்கள்.

சுகர். இதைப் பற்றி நான் பாடம் எடுக்கப் போவதில்லை, ஆனால் இன்சுலின் வேண்டும் என்று அவர்கள் சொன்னால் வாதாடாதீர்கள். நியூமோகாக்கஸுக்குத் தடுப்பூசி இருக்கிறது, சுகர் உள்ளவர்களுக்குப் பல நாடுகளில் பரிந்துரைக்கப்படுவது. ஆள் தேறிய பிறகு எப்போது போடலாம் என்று கேளுங்கள்.


இரவுப்பணி

காலை முதல் கேஸ் என்றால் இன்று நள்ளிரவுக்குப் பிறகு வாயில் எதுவும் போட விடமாட்டார்கள். இன்சுலின் அளவை அதற்கேற்ப மாற்றினார்களா என்று இரவு டியூட்டி நர்ஸிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். இரத்தம் உறையாமல் இருக்க ஹெப்பாரின் மாதிரி ஏதாவது ஊசி போகிறதா என்பதையும் கேளுங்கள், போனால் எப்போது நிறுத்துகிறார்கள் என்று தெரிந்துகொள்ளுங்கள். முடிந்ததும் இங்கே எழுதுங்கள்.


சும்மா ஒருவன்

நானும் பார்த்துக்கொண்டிருப்பேன். அண்ணனுக்கு நல்லபடியாக முடியட்டும்.


விடிவெள்ளி

முடிந்துவிட்டது. முக்கால் மணி நேரம் என்றார்கள், ஒன்றரை மணி நேரம் ஆனது, உள்ளே ஒட்டியிருந்த ஃபைப்ரின் அதிகமாம். முன்பக்கம் காலியாக இருந்தது, பின்னால் இரண்டு அறையில் சீழ் இருந்ததாம், பழைய டியூப் முன்பக்கத்தில்தான் இருந்திருக்கிறது. புது டியூப் வைத்திருக்கிறார்கள். ஐசியூவில் இருக்கிறார், நாடி 100-க்குக் கீழே வந்துவிட்டது, தாகமாக இருக்கிறது என்று நர்ஸிடம் சண்டை போடுகிறார்.